ஒடிந்த கிளைக்கு எத்தனை நாள் உயிர்?

கிந்தா பள்ளத்தாக்கின் பிற்பகல் மழையைப் பற்றி ஈப்போக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பருவம் மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மூன்று மணி வரை வெயில் கொளுத்தும். நான்கு மணிக்குச் சுண்ணாம்புக் குன்றுகள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். பிறகு அரைமணி நேரம் காற்றும் இடியும். மறுநாள் காலையில் சாலையோரங்களில் கிளைகள் குவிந்து கிடக்கும். லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும்.

அப்படி அள்ளப்படும் கிளைகளில் பெரும்பாலானவை இன்னும் சாகவில்லை. பட்டைக்கு அடியில் ஈரமும் பச்சையும் இருக்கும்வரை, மரத்தைவிட்டுப் பிரிந்த கிளையும் உயிருள்ள கிளைதான். அதற்கு வேர் கிடையாது. அந்த ஒரு குறைதான் அதைக் கொல்லப் போகிறது. சில மரங்களின் கிளைகள் அந்தக் குறையைத் தாமே தீர்த்துக்கொள்ளும். சில மரங்கள் எவ்வளவு கெஞ்சினாலும் செய்யா. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், பேராக்கில் நாம் இழந்துவரும் பழைய மரங்களில் பலவற்றைக் காப்பாற்ற முடியும்.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குப் போத்து எனப்படும் கிளைத்துண்டை நடுவது பழக்கப்பட்ட வேலை. லயத்து வீட்டுக் கொல்லையில் நின்ற முருங்கைகள் பெரும்பாலும் போத்திலிருந்து வந்தவை. பக்கத்து வீட்டில் கிளை கழித்தால் மணிக்கட்டு கனத்தில் மூன்று நான்கு அடித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குவார்கள். மழை நாளில் குழி தோண்டி, சற்றுச் சாய்வாக ஊன்றி, மேல்வெட்டில் சாணியை அப்பிவிடுவார்கள். சாணி அப்புவதில் காரணம் இருக்கிறது. வெட்டுவாய் திறந்திருந்தால் அதன் வழியே ஈரம் வெளியேறும், மழைத்தண்ணீர் இறங்கி அழுகலும் ஏறும். மூடிவிட்டால் இரண்டும் குறையும். வெற்றிலைக் கொடி ஏறுவதற்கு நட்ட கல்யாண முருங்கையும் போத்துதான். கல்யாணப் பந்தலில் அரசாணிக்காலாகக் கட்டும் அரசங்கிளையையும் கல்யாண முருங்கைக் கிளையையும் சடங்கு முடிந்தபின் மண்ணில் ஊன்றி, துளிர்க்கிறதா என்று பார்க்கும் வழக்கம் இன்னும் பல குடும்பங்களில் உண்டு.

அரசங்கிளைக்கு வரலாற்றில் இன்னும் பெரிய இடம் இருக்கிறது. புத்தகயையில் இருந்த போதி மரத்தின் கிளை ஒன்றை அசோகரின் மகள் சங்கமித்தை கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் இலங்கைக்குக் கொண்டுவந்ததாக மகாவம்சம் சொல்கிறது. அனுராதபுரத்தில் நட்ட அந்த மரம் இன்றும் நிற்கிறது. மனிதர் கையால் நட்ட காலம் தெரிந்த மரங்களில் உலகிலேயே மிகப் பழையது என்று அதைச் சொல்வார்கள். புத்தகயையின் மூல மரம் பிற்காலத்தில் அழிந்து, இன்று அங்கே இருப்பது பின்னால் நட்ட மரம். பெயர்த்துக்கொண்டு போன கிளை, தாய்மரத்தைவிட நீண்ட காலம் வாழ்ந்திருக்கிறது.

வெட்டிய கிளையில் வேர் எப்படி வருகிறது?

கிளையின் பட்டையை நகத்தால் இலேசாகக் கீறிப் பாருங்கள். மேலே பழுப்புத் தோல். அதற்குக் கீழே பச்சைப் படலம். அதையும் சுரண்டினால் மரக்கட்டைக்கும் பட்டைக்கும் இடையில், விரலில் வழுக்குகிற ஒரு மெல்லிய ஈரப் பூச்சு. தாவரவியலார் இதைக் கேம்பியம் என்பார்கள். மரம் பருமனாவது பெரும்பாலும் இந்தப் படலத்தின் வேலை. உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையின் உட்திசுவையும் ஓயாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. இந்தப் பகுதியில் இருக்கும் செல்கள் இன்ன வேலைக்கென்று முற்றாக இறுகிவிடாதவை. சரியான செய்தி கிடைத்தால் அவை கட்டையாவதை விட்டுவிட்டு வேராகத் திரும்பும். தண்டிலிருந்து இப்படிப் பிறக்கும் வேரைத்தான் பள்ளிப் பாடநூல்களில் வேற்றிட வேர் என்று படித்தோம்.

அந்தச் செய்தியைக் கொண்டுவருவது ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள். நுனிமொட்டிலும் இளந்தளிரிலும் உருவாகி, செல்லுக்குச் செல் கைமாறி, எப்போதும் கீழ்நோக்கியே போகும். மரத்தோடு இருக்கும்போது அது அடிமரம் வழியாக வேர்வரை இறங்கும். கிளையை வெட்டினால் பாதை வெட்டுவாயில் முடிந்துவிடுகிறது. மேலிருந்து வந்துகொண்டே இருக்கும் ஆக்சின் அங்கே தேங்குகிறது. காயம்பட்ட திசுவும் தன் பங்குக்கு அதை உண்டாக்குகிறது. இரண்டும் சேர்ந்து அடிமுனையில் வேர்க்குருத்துகளை எழுப்புகின்றன. ஜெர்மனியின் ஹெர்மன் ஃபெக்டிங் 1878-இலேயே வில்லோ மரத்தின் துண்டுகளை ஈரமான கூடுகளில் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்த்தார். எப்படித் தொங்கவிட்டாலும், மரத்தில் இருந்தபோது அடியாக இருந்த முனையிலேயே வேர் கண்டது. தலைகீழாக நட்ட போத்து பெரும்பாலும் வீணாவது இதனால்தான். வெட்டியதுமே அடிமுனையைச் சாய்வாகவும் மேல்முனையை நேராகவும் வெட்டி அடையாளம் வைப்பது தோட்டக்காரர்களின் பழைய பழக்கம். குவியலில் இருந்து எடுத்த இலையில்லாத துண்டுக்கு இது மிகவும் உதவும்.

வேரை எழுப்பும் இந்தப் பொருளைத் தேடிய ஆராய்ச்சியில் நம் வட்டாரத்துக்கும் பங்கு உண்டு. ஆக்சினைப் பிரித்துக் காட்டிய டச்சு அறிஞர் ஃபிரிட்ஸ் வென்ட், 1920களின் இறுதியில் ஜாவாவின் போகோர் தாவரவியல் தோட்டத்தில் வேலை செய்தார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட செடி அக்காலிஃபா. குப்பைமேனிக்கு உறவான இந்த வண்ண இலைச் செடி, நம் வீட்டு வேலிகளிலும் சாதாரணமாக நிற்கிறது. இலையிலிருந்து கீழே இறங்கும் ஏதோ ஒரு பொருள்தான் வேரைத் தூண்டுகிறது என்று 1929-இல் எழுதினார். 1930களின் நடுவில் அந்த வேலையை ஆக்சினே செய்யும் என்று தெரிந்தது. 1935-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதைவிட நிலையான இண்டோல் பியூட்டிரிக் அமிலத்தைச் சோதித்தார்கள். இன்று நர்சரிக் கடைகளில் வேர்த்தூள் என்று சிறு டப்பாக்களில் விற்பதில் பெரும்பாலும் இருப்பது இதுதான்.

தூள் இருந்தால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. வேரில்லாத கிளைக்கு நடப்பது ஒரு பந்தயம். இலைகளின் வழியே தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. கீழிருந்து ஏறுவது அற்பம். வெட்டிய நொடியில் நீர்க்குழாய்களுக்குள் காற்று புகுந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. கிளை காய்வதற்குள் வேர் வர வேண்டும். பேராக்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. தைப்பிங்கில் அதைவிட மிக அதிகம். காற்றிலேயே ஈரம் நிற்கும். மதுரையில் நடுவதைவிட இங்கே கூடுதலான போத்துகள் பிழைக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனாலும் இலைகளைக் குறைக்காமல் நட்டால் இங்கும் தோல்விதான். எல்லா இலையையும் உருவிவிடுவதும் பிழை. மெல்லிய குச்சிகளுக்கு இலைதான் ஆக்சினும் சர்க்கரையும் தருகிறது. மேலே இரண்டு மூன்று இலையை விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்கிவிடுவது நல்லது. மணிக்கட்டு கனப் போத்துக்கு இலையே வேண்டாம்; கட்டைக்குள் சேர்த்து வைத்த மாவுச்சத்து அதற்குப் போதும்.

அந்த மாவுச்சத்துதான் நம்மை ஏமாற்றவும் செய்கிறது. நட்ட இரண்டாம் மூன்றாம் வாரத்தில் போத்தில் தளிர் வரும். பிடித்துக்கொண்டது என்று மகிழ்ந்து வெயிலுக்கு மாற்றுவோம். ஒரு மாதத்தில் கருகிவிடும். அந்தத் தளிர் வேரால் வந்ததில்லை. கிளை தன் கையிருப்பைச் செலவழித்து விட்ட தளிர் அது. பல மரங்களில் தளிருக்குப் பிறகு பல வாரங்கள் கழித்துத்தான் வேர் வருகிறது. இலேசாக இழுத்துப் பார்த்தால் மண் பிடித்து நிற்கும் வரை, இரண்டாம் சுற்று இலை விரியும் வரை, நிழலைவிட்டு எடுக்கக் கூடாது. போத்து வைத்து இழந்தவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் இழக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

சரி, எல்லா மரமும் இப்படி வருமா? வராது என்பதற்குப் பேராக்கிலேயே பெரிய சான்று இருக்கிறது.

1876-இல் ஹென்றி விக்கம் அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை ஏறத்தாழ 2,700. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877-இல் சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் வந்தன. அவற்றில் ஒன்பது கோலாகங்சாரில், பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. அந்தத் தலைமுறை மரம் ஒன்று கோலாகங்சார் நகரில் இன்றும் வேலிக்குள் காக்கப்பட்டு நிற்கிறது. மலேசியாவின் மிகப் பழைய ரப்பர் மரம் அது. இந்த விதைகளின் வழித்தோன்றல்களை நம்பித்தான் சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா, தாப்பா, பீடோர், சிலிம் ரீவர் என்று தோட்டங்கள் எழுந்தன. அந்த மரங்களை நம்பித்தான் நம் முன்னோர் கப்பலேறினார்கள்.

விதையில் பிறந்த ரப்பர் மரங்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. ஒரே நிரையில் ஒரு மரம் மங்கு நிறைய ஊற்றும். அடுத்தது மங்கின் அடியை மட்டும் நனைக்கும். எந்த மரம் எப்படி என்று பால்வெட்டுக்காரருக்குத்தான் துல்லியமாகத் தெரியும். நன்றாக ஊற்றும் மரத்தின் கிளையை ஒடித்து நட்டு, அதே மரத்தைக் காடாக்கிவிடலாமே என்ற எண்ணம் இயல்பாக எழும். ரப்பர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. முதிர்ந்த மரத்தின் குச்சி வேர்விடுவது மிக அரிது. இளங்கன்றின் தண்டு வேர்விடும்; ஆனால் ஆணிவேர் வராது. பக்கவேர்களை மட்டும் நம்பி நிற்கும் உயரமான மரம் காற்றில் சாய்ந்துவிடும்.

அதனால் வேரை ஒரு மரத்திடமிருந்தும் உடலை இன்னொன்றிடமிருந்தும் வாங்கினார்கள். ஜாவாவிலும் சுமத்ராவிலும் 1910களில் டச்சுக்காரர்கள் ரப்பருக்குக் கண் ஒட்டும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். அது மலாயாவுக்கும் பரவியது. 1925-இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. விதையில் வளர்ந்த கன்றின் அடிப்பட்டையில் சிறு கதவு போலக் கீறித் திறப்பார்கள். தேர்ந்த மரத்தின் கிளையிலிருந்து மொட்டுள்ள பட்டைத் துண்டை உரித்து உள்ளே வைத்துக் கட்டுவார்கள். இந்த வேலையின் நுட்பம் முழுவதும் உரித்த பட்டையின் உட்புறத்தில் இருக்கிறது. பட்டையைத் திருப்பிப் பார்த்தால் மொட்டுக்கு நேர் பின்னால் சிறு முண்டு ஒன்று தெரிய வேண்டும். அந்த இடத்தில் பள்ளமோ ஓட்டையோ இருந்தால் கண் கட்டையிலேயே தங்கிவிட்டது, கையில் இருப்பது குருட்டுப் பட்டை. பட்டை ஒட்டும், ஆனால் ஒருநாளும் துளிர்க்காது. உள்பக்கத்தில் விரல் படக்கூடாது, வியர்வை படக்கூடாது, மண் படக்கூடாது. மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்து, பச்சை இருந்தால் கன்றின் தலையை வெட்டிவிடுவார்கள். தோட்ட நர்சரிகளில் இப்படி ஒட்டுக் கட்டிய தமிழ்க் கைகள் எத்தனையோ. அவர்கள் பெயர் எந்த ஆய்வறிக்கையிலும் வந்ததில்லை. மலேசிய ரப்பரின் அறிவியல் வரலாற்றில் அவர்களுக்கு உரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை என்றே நான் கருதுகிறேன்.

ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற இரகம், ஜாவாவின் டிஜிர் 1, சிலாங்கூரின் பி.பி. 86 ஆகிய இரண்டின் கலப்பில் பிறந்த ஒரே ஒரு விதைக்கன்று. அதன் மொட்டுகள் தோட்டம் தோட்டமாகப் போய், தாய்லாந்து, இந்தியா வரை பரவின. தேர்வு செய்யாத விதை மரங்கள் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 500 கிலோ அளவில் கொடுத்த இடத்தில், இத்தகைய இரகங்கள் 1,500 கிலோவையும் தாண்டின. மரபணு வழியில் பார்த்தால் அந்த இலட்சக்கணக்கான மரங்களின் மேல்பகுதி எல்லாம் ஒரே மரம்.

முதிர்ந்த ரப்பர் குச்சி ஏன் வேர்விட மறுக்கிறது? முதுமைதான் காரணம். ஆனால் மரத்தின் முதுமை மனிதரின் முதுமை மாதிரி உடல் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. பூத்துக் காய்க்கும் உச்சிக் கிளைகளே இயல்பில் முதியவை. ஆண்டுக் கணக்கில் மிகப் பழையதான அடிமரமோ, கன்றாக இருந்தபோதைய இளமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கிறது. இளந்திசுவில் மிகுந்திருந்து வயதாக ஆகக் குறைகிற ஒரு நுண் ஆர்.என்.ஏ. இதில் பங்கு வகிக்கிறது என்பதைக் கடந்த இருபது ஆண்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதிர்ந்த திசு, ஆக்சின் வந்தாலும் அதன் பேச்சைக் கேட்பதில்லை.

விழுந்த மரத்தைக் காப்பாற்ற நினைப்பவர்கள் மறக்கக் கூடாத செய்தி இது. பெருமரம் ஒன்று சாய்ந்தால் நாம் பூவோடு கிடக்கும் உச்சிக் கிளையைத்தான் ஆசையோடு ஒடித்து வருவோம். வேர்விட வாய்ப்பு மிகக் குறைந்த பகுதி அது. மரத்தை அறுத்தபின் அடிக்கட்டையை உடனே தோண்டி எடுக்காமல் ஒன்றிரண்டு மாதம் விட்டால், தரையை ஒட்டிப் புதுக் குருத்துகள் கிளம்பும். பூமருது, தூங்குமூஞ்சி, அங்சானா எல்லாம் இப்படித் தளிர்க்கும். பென்சில் கனத்தில் வளர்ந்ததும் அவற்றை வெட்டி நட்டால், உச்சிக் கிளை தராத வேரை இவை தரும். உடல் அதே பழைய மரத்தின் உடல்தான்.

தைப்பிங் ஏரிப் பூங்காவை நினைத்துப் பாருங்கள். ஈயம் தோண்டிய பள்ளங்களைத் திருத்தி 1880-இல் உருவான பூங்கா. 1884-இல் நட்ட தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டி ஏரித் தண்ணீரைத் தொடும் அளவுக்குக் கிளை தாழ்த்தி நிற்கின்றன. தூங்குமூஞ்சி விதையிலும் எளிதாக வரும். ஆனால் விதை என்பது பிள்ளை. அப்பனைப் போல இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்தக் குறிப்பிட்ட மரமே வேண்டும் என்றால் குருத்தோ, விண்பதியமோதான் வழி.

விண்பதியம் என்பது, கிளை மரத்தில் இருக்கும்போதே வேர்விட வைப்பது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, கேம்பியத்தின் வழுக்கலைச் சுரண்டிவிட்டு, ஈரத் தேங்காய் நாரைப் பொதிந்து, பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்ட வேண்டும். கட்டை வழியே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். பட்டை வழியே இறங்கும் சர்க்கரையும் ஆக்சினும் வளையத்துக்கு மேலே தேங்கும். காயும் பயம் இல்லாததால் பந்தயமே இல்லை. காற்றில் பாதி முறிந்து, ஒரு பக்கப் பட்டையும் கட்டையும் ஒட்டிக்கொண்டு தொங்கும் கிளையில் பாதி வேலை ஏற்கெனவே நடந்திருக்கிறது. ஆபத்தில்லாத உயரத்தில் இருந்தால் முட்டுக் கொடுத்து, முறிவுக்கு மேலே நாரைப் பொதிந்து விடலாம். மின்கம்பிக்குப் பக்கத்திலோ தலைக்கு மேலோ தொங்குவதைத் தொடவே வேண்டாம்.

அலங்கார மரங்களில் போத்துக்கு மிக எளிதாக இணங்குவது கெம்போஜா என்று நம் நாட்டில் பலரும் சொல்லும் ஈழத்தலரி. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த மரம். இங்கே மலாய்க்காரர் இடுகாடுகளிலும் நம் கோயில் வளாகங்களிலும் ஊறிவிட்டது. இங்கே காய் பிடிப்பது அரிது என்பதால், நாம் காணும் மரங்களில் மிகப் பல கிளையிலிருந்து வந்தவை. இதற்கு மற்ற மரங்களுக்கு நேர் எதிரான விதி. ஒடித்ததும் நடக் கூடாது. வெட்டுவாயிலிருந்து பால் வடிந்து நின்று, ஒன்றிரண்டு வாரம் நிழலில் கிடந்து, அடிமுனை காய்ந்து தோல் கட்ட வேண்டும். பச்சைக் காயத்தோடு ஈரமண்ணில் வைத்தால், சதைப்பற்றுள்ள தண்டுக்குள் அழுகல் ஏறி ஒரு வாரத்தில் கொழகொழவென்று ஆகிவிடும். தண்டே நீர்த்தொட்டி என்பதால் இந்தக் கிளைக்கு அவசரமே இல்லை. காற்றில் ஒடிந்து சாலையில் மூன்று நாள் கிடந்ததையும் எடுத்து வரலாம். அதன் பால் தோலில் அரிப்பு உண்டாக்கும், கண்ணில் படக்கூடாது. பால் வடியும் எந்த மரத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஈப்போவுக்குப் பெயர் கொடுத்த ஈப்போ மரத்தின் பால்தான் பூர்வகுடி மக்கள் ஊதுகுழல் அம்பு முனையில் பூசிய நஞ்சு. இதயத்தையே நிறுத்தக்கூடியது. அதன் ஒடிந்த கிளையைக் கண்டால் விலகிப் போவதே நல்லது.

ஈப்போ நகரின் மலரான காகிதப்பூ பிரேசில் நாட்டது. கலப்பு இரகங்களில் பல விதையே கட்டுவதில்லை. குச்சி ஒன்றே வழி. பூத்து முடிந்த, பாதி முற்றிய, பென்சில் கனக் குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, பெருமணலில் ஊன்றலாம். வேர்த்தூள் இதற்கு உண்மையாகவே பயன்படும். மணல் எதற்கு, நல்ல உரமண் போடக்கூடாதா என்று கேட்பார்கள். வேரே இல்லாத குச்சிக்கு உரம் எடுக்க வாய் இல்லை. அதற்குக் காற்றும் ஈரமும் போதும். உரமண்ணில் பூஞ்சைதான் செழிக்கும். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் அலசி ஒதுக்கிய பழைய மணல்மேடுகளில் பயிர் சீராக வராது என்று சலித்துக்கொள்வோம்; குச்சியை வேர்விட வைக்க அந்தப் பெருமணல் மிகப் பொருத்தம். அதே சுரங்கத்தின் களிமண் சேறு மட்டும் ஆகாது, அது அடியை மூச்சுத் திணற வைக்கும்.

அங்சானாவின் கதை சற்றுப் பெரியது. வேங்கை இனத்தைச் சேர்ந்த இந்த மரம், மழைக்குப் பிறகு ஒரே நாளில் ஊர் முழுக்க மஞ்சளாகப் பூத்து, விரைவிலேயே சாலையில் உதிர்ந்துவிடும். இதன் போத்துக்குக் கனம் ஒரு தடையே இல்லை. தொடை பருமன் கட்டையும் வேர்விடும். சிங்கப்பூர் 1960களின் இறுதியிலிருந்து இதைப் பயன்படுத்தி, பெருங்கட்டைகளை நட்டுச் சில ஆண்டுகளில் நிழற்சாலைகளை உண்டாக்கியது. அவசரத்துக்கு விலையும் இருந்தது. கட்டையின் பட்டைக்கடியில் உறங்கும் மொட்டிலிருந்து கிளம்பும் கிளைகள் உள்கட்டையோடு ஆழமாகப் பின்னி வளர்ந்தவை அல்ல. கனத்ததும் பிளந்து விழக்கூடும். ஆணிவேரும் இல்லை.

நோய் அதைவிடப் பெரிய பாடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாக்காவின் அங்சானாக்கள் வாடி மடிந்தன. பிறகு பினாங்கில். பிறகு 1914 முதல் 1925 வரை சிங்கப்பூரில். 1980களில் அங்கே மீண்டும் வந்தபோதுதான் ஃபுசேரியம் என்ற பூஞ்சை காரணம் என்று கண்டார்கள். ஒரே மரத்தின் கிளைகளை வரிசையாக நட்டால், ஒன்றை வீழ்த்தும் நோய் வரிசை முழுவதையும் வீழ்த்தும். ஆனால் அதே ஆய்வில் சில அங்சானாக்கள் இயல்பாகவே நோயைத் தாங்கி நின்றதும் தெரியவந்தது. தாங்கிய மரத்தைப் பெருக்கவும் கிளைதான் வழி. எந்த மரத்திலிருந்து வெட்டுகிறோம் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. புழுத் துளை, பட்டையில் கசிவு, காரணமில்லாத இலைவாட்டம் இருந்தால் அந்த மரத்தின் போத்து எவ்வளவு அழகானதாக இருந்தாலும் வேண்டாம்.

பழைய ரப்பர் தோட்டத்து நிலத்தில் நடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ரப்பரின் வெள்ளை வேர் நோய், மரம் போன பிறகும் மண்ணுக்குள் மக்காத வேர்த்துண்டுகளில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். 1904-இல் சிங்கப்பூர் தாவரவியல் தோட்ட இயக்குநர் ஹென்றி ரிட்லி இதை முதலில் பதிவு செய்தார். அது ரப்பரோடு நிற்பதில்லை. பலவகை நிழல் மரங்களையும் பழமரங்களையும் பற்றும். தாமானில் வீடு கட்டி நான்கைந்து ஆண்டு நன்றாக வளர்ந்த மரம் திடீரென்று மஞ்சளாகிச் சாய்ந்தால், அடியைத் தோண்டிப் பாருங்கள். வேர்மேல் தட்டையான வெள்ளை இழைகள் ஒட்டிக்கிடந்தால் அதுதான். குழி தோண்டும்போதே பழைய வேர்களையும் முண்டுகளையும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். தோட்டங்களில் மறுநடவின்போது பயறுவகைக் கொடிகளை மூடுபயிராக விட்டதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் போர்வைக்கடியில் பழைய வேர் சீக்கிரம் மக்கிவிடும்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களிலும், செம்பனையும் போய்த் தாமான் வந்த இடங்களிலும், கடைசியாக எஞ்சுவது பெரும்பாலும் கோயிலும் அதன் மரங்களும்தான். நிலம் கைமாறும்போது கோயிலுக்கு மாற்று இடம் பேசுகிறோம். மூலவரைப் பாலாலயம் செய்து எடுத்துப்போக ஆகம முறை இருக்கிறது. மரத்துக்கு மட்டும் யாரும் நாள் குறிப்பதில்லை. மண்வாரி வருகிற காலையில்தான் அதன் நினைவு வருகிறது. அரசும் ஆலும் மணிக்கட்டு கனப் போத்தில் வரும். ஈழத்தலரிக்குச் சொல்லவே வேண்டாம். வில்வத்துக்குப் பக்கவேரிலிருந்து எழும் கன்றைப் பிரித்தெடுக்கலாம். வேம்புக்கு விதையே எளிது. ஆனால் வேப்ப விதை சில வாரங்களில் முளைப்புத்திறனை இழந்துவிடும், பழுத்து உதிர்ந்ததும் ஊன்ற வேண்டும்.

இடமாற்றப் பேச்சு தொடங்கிய அன்றே, மரம் நலமாக நிற்கும்போதே, நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு ஒரு மரத்துக்கு ஆறு போத்தாவது எடுங்கள். ஒரே இடத்தில் நடாமல் புதுக் கோயில், தமிழ்ப்பள்ளி, இரண்டு வீடுகள் என்று பிரித்து வையுங்கள். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த ஆண்டு என்று ஒரு தகட்டில் எழுதிப் பக்கத்தில் நட்டுவிடுங்கள். இதற்கு ஓர் அரிவாளும் ஒரு மூட்டை மணலும் இரண்டு மாத நிழலும் போதும்.